அதிவீரனுக்கு நிறம் உண்டா?

மனிதன் வானில் பறப்பான் என்றால் நம்புகிறார்கள். மின்னலை விஞ்சி ஓடுவான் என்றால் நம்புகிறார்கள். மார்பில் பாய்ந்த தோட்டா நசுங்கித் தரையில் விழும் என்றாலும் மறுப்புச் சொல்வதில்லை. அந்த மனிதன் கறுத்த தோலுடையவன் என்று சொல்லிப் பாருங்கள், அப்போதுதான், "இஃது இயற்கைக்குப் பொருந்தவில்லையே!" என்ற குரல் எழுகிறது. 'சூப்பர் ஹீரோ' எனப்படும் அதிவீரர்களின் கதைகளைச் சுற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இதுதான்.

"பிள்ளைகளின் விளையாட்டுச் சரக்கைப் பற்றி இங்கே என்ன பேச்சு?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். தம் வீட்டுக் கூடத்தில் பேரப்பிள்ளைகள் எதன் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் முகம் சுளிக்கட்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்தியவன் நான். பாடப் புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். கதையில் இருப்பதை நம்பிவிடுவார்கள். எனவே கதையில் யாருக்கு எந்த வேடம் என்பது சிறிய செய்தியன்று.

இக்கதைகளின் தொடக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள். புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அழிந்துபோன ஓர் உலகத்திலிருந்து தப்பி வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, பிறர் வீட்டில் வளர்ந்து, தன் உண்மை உருவை மறைத்து வாழும் ஒருவனின் கதையை அவர்கள் எழுதினார்கள். அகதியின் கதைதான் அது. ஆயினும் அந்த அகதிக்கு வெள்ளை முகமே வாய்த்தது. அன்றைய சித்திரக்கதை ஏடுகளில் கறுப்பினத்தவர் தலைகாட்டினால், பெரும்பாலும் தடித்த உதடும் உருட்டும் விழியுமாய், வேலைக்காரராகவோ கோமாளியாகவோதான் காட்டினார்கள். இந்த ஏடுகளிலிருந்து பிறந்தவைதாம் பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்கள். "மூலக்கதையில் உள்ளபடியே நடிகரைத் தேர்ந்தெடுங்கள்" என்று இன்று முழங்குகிறவர்கள், அந்த மூலக்கதை எழுதப்பட்ட காலத்தில் கதவு யாருக்குச் சாத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் கதவைத் தட்டியவர்களுள் ஒருவர் எர்த்தா கிட். தென் கரோலினாவின் பருத்திக் காட்டில் 1927இல் பிறந்த கறுப்பினப் பாடகி. 'பேட்மேன்' தொடர் 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பாயிற்று. அதில் பூனைப்பெண் வேடம் தாங்கிவந்த ஜூலி நியூமார் வேறொரு திரைப்படத்திற்குச் சென்றுவிடவே, மூன்றாம் பருவத்தில் அவ்வேடம் எர்த்தா கிட்டுக்கு வந்தது. 1967 டிசம்பரில் அவர் திரையில் தோன்றினார். குரலே போதும், பூனையின் உறுமல் அந்தத் தொண்டையில் இயல்பாகவே குடியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய பருவங்களில் பூனைப்பெண்ணுக்கும் பேட்மேனுக்கும் இடையே அரைகுறைக் காதல் ஒன்று கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. எர்த்தா கிட் வந்தபின் அந்தக் காதல் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் மணம் புரிவதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாவென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே 1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான். தீர்ப்பு வந்த நாளில் பதினாறு மாநிலங்களில் அச்சட்டம் உயிரோடு இருந்தது. நீதிமன்றம் திறந்த கதவைத் தொலைக்காட்சி நிலையத்தார் திறக்கத் துணியவில்லை. வேடத்தைக் கொடுத்தார்கள், வேடத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். 1968 ஜனவரியில் அதிபர் மாளிகை விருந்தொன்றில் வியட்நாம் போரைக் கண்டித்து அந்த அம்மையார் வாய் திறந்தார். அதன்பின் பல்லாண்டுகள் சொந்த நாட்டில் வாய்ப்பின்றி, அயல்நாட்டு மேடைகளில் பாடிப் பிழைக்க நேர்ந்தது. அஃது ஒரு தனிக் கதை.

அதே ஆண்டுகளில் 'கிரீன் ஹார்னெட்' தொடரில் முதலாளிக்குக் காரோட்டிய 'கேட்டோ' என்ற பணியாள் வேடத்தில் வந்தவர் புரூஸ் லீ. இருபத்தாறு பகுதிகளோடு 1967இல் அத்தொடர் நின்றது. கதைத்தலைவன் பெயரில் தொடர். பார்த்தவர் நினைவில் நின்றது காரோட்டி. ஆனாலும் 1972இல் 'குங்ஃபூ' என்ற தொடர் வந்தபோது, சீனத் தாய்க்குப் பிறந்த துறவியாக நடிக்க டேவிட் கராடைன் என்ற வெள்ளை நடிகரைத்தான் தேடிப் பிடித்தார்கள். சீனரின் கலை வேண்டும். சீனரின் முகம் வேண்டா!

இந்த வழக்கம் எளிதில் மாண்டுவிடவில்லை. 2017இல் வந்த 'அயர்ன் ஃபிஸ்ட்' தொடரும் இதே இடத்தில்தான் இடறிற்று. மலைகளுக்கு நடுவே மறைந்த நகரில் ஆசியரின் போர்க்கலையைப் பயின்று, ஆசியர் எல்லாரையும் விஞ்சிவிடும் வெள்ளை அமெரிக்கனின் கதை அது. 1974இல் எழுதப்பட்டது. "மூலத்தில் அவன் வெள்ளையன்தானே?" என்றார்கள். ஆசிய வழிவந்த அமெரிக்கர் ஒருவரை இவ்வேடத்தில் நிறுத்தியிருந்தால், தான் அறியாத தன் மூதாதையரின் ஊரைத் தேடிச் செல்லும் மகனின் கதையாக அது கனிந்திருக்கும் எனப் பலர் எடுத்துரைத்தனர். கேட்பாரில்லை. தலைவன் வேடத்திற்கு முயன்ற லூயிஸ் டான் என்ற சீன வழி நடிகருக்கு ஒரே ஒரு பகுதியில் குடித்துவிட்டுச் சண்டையிடும் எதிரி வேடம் கிடைத்தது. அந்தச் சண்டையில் அவர் வீசிய கையின் நேர்த்தியைப் பார்த்தவர்கள், தலைவனை மறந்து பெருமூச்செறிந்தார்கள். இரண்டே பருவங்களில் தொடர் முடிந்தது.

நிற்க. வெள்ளைப் பாத்திரத்திற்குக் கறுப்பின நடிகரை அமர்த்துவது இக்காலத்தில் மிகுந்திருக்கிறது. 'சூப்பர்கேர்ள்' தொடரில் செம்பட்டைத் தலை ஜிம்மி ஓல்சன் 2015இல் கறுப்பினத்தவரானார். அதற்கு ஓராண்டு முன்பே 'ஃபிளாஷ்' தொடரில் ஐரிஸ் வெஸ்ட் என்ற பெண் வேடம் கேண்டிஸ் பேட்டனுக்குக் கிடைத்திருந்தது. 1956 முதல் சித்திரக்கதையில் வெள்ளைப் பெண்ணாக இருந்த பாத்திரம் அது. அவருடைய தந்தையாக ஜெஸ்ஸி மார்ட்டின் நடித்தார். தாயைப் பறிகொடுத்து, தந்தை சிறையிலிருக்க, அநாதையாய் நின்ற வெள்ளைச் சிறுவனைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து மகனாய் வளர்க்கும் கறுப்பினக் காவல் அதிகாரி அவர். வெள்ளைக் குடும்பம் கறுப்புக் குழந்தைக்கு இரங்கும் காட்சிகளையே கண்டு பழகிய கண்களுக்கு இது புதிது. அதைப் பற்றி எவரும் அங்கே சொற்பொழிவாற்றவில்லை. இரவு உணவு மேசையில் அந்தத் தந்தை பிள்ளையை அதட்டுவார், அவ்வளவுதான். கலையில் எனக்கு உவப்பானது இந்த முறையே.

ஆனால் அப்பெண் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆண்டுக்கணக்கில் இழிசொற்கள் அவர்மீது பொழிந்தன. தம்மை அமர்த்தியவர்கள் அப்போது தமக்குக் காவலாய் நிற்கவில்லை என்று பின்னாளில் அவரே மனம் திறந்து பேசினார். 2018இல் 'டைட்டன்ஸ்' தொடரில் ஸ்டார்ஃபயர் வேடமேற்ற அன்னா டியோப்புக்கும் இதே கதிதான். செனகல் நாட்டில் பிறந்தவர். படப்பிடிப்பிடத்துப் படங்கள் வெளிவந்ததுமே வசைமாரி தொடங்கியது. தம் சமூக ஊடகப் பக்கத்தில் கருத்துப் பகுதியையே அவர் மூடிவிட நேர்ந்தது. இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள்: சித்திரக்கதையில் ஸ்டார்ஃபயர் வேற்றுக் கோளிலிருந்து வந்தவள். அவள் தோலின் நிறம் ஆரஞ்சு! ஆரஞ்சு நிறத்தவளை வெள்ளைப் பெண் நடித்தால் மூலத்திற்கு உண்மை. கறுப்புப் பெண் நடித்தால் துரோகமாம். மூலக்கதைமீது அவர்களுக்கிருந்த பற்று எத்தகையது என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால், நிறத்தை மாற்றிவிட்டாலே நீதி கிடைத்துவிட்டது என்று கருதுகிறவன் அல்லன் நான். பழைய சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பது போல, ஒரு வரியும் மாற்றாமல் நடிகரை மட்டும் மாற்றிவிட்டுப் பெருமை பேசும் தயாரிப்பாளர்கள் உண்டு. மாற்றம் என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு 2019இல் வந்த 'வாட்ச்மென்' தொடரைச் சொல்வேன். மூலச் சித்திரக்கதை 1986, 87ஆம் ஆண்டுகளில் வந்தது. அதில் முகமூடி வீரர்களுள் முதல்வனாக ஒருவன் வருகிறான். தலையை முழுதும் மூடிய உறை, கழுத்தில் தூக்குக்கயிறு. அவன் யாரென்று கடைசிவரை உறுதியாகத் தெரிவதில்லை. வெள்ளையன் என்றே எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்.

தொடரை எழுதியவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: கழுத்தில் தூக்குக்கயிறு எதற்கு? அமெரிக்காவில் தூக்குக்கயிறு யாருடைய நினைவு? அதிலிருந்து அவர்கள் கண்ட விடை உள்ளத்தை உலுக்குவது. அவன் நியூயார்க் நகரக் காவல்துறையில் சேர்ந்த கறுப்பின இளைஞன். உடன் பணிபுரிந்த வெள்ளைக் காவலர்களே அவன் தலையில் உறையை மாட்டி மரத்தில் தொங்கவிட்டு, உயிர் போகும் தறுவாயில் அறுத்துவிடுகிறார்கள். அறுந்த கயிறு கழுத்தில் தொங்க வீடு திரும்பும் வழியில், கயவரிடம் சிக்கிய இருவரைக் காப்பாற்ற அதே உறையை அணிந்து பாய்கிறான். வெள்ளையனென்று உலகம் நம்பினாலன்றித் தன்னை வீரனாக ஏற்காது என்பதால், உறையின் துளை வழியே தெரியும் கண்களைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிக்கொள்கிறான். மூலத்தின் ஒரு வரியையும் பொய்யாக்காமல், மூலத்தின் பொருளையே தலைகீழாக்கிவிட்டார்கள்.

அத்தொடர் தொடங்குவது 1921ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில். மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பின மக்களின் செழிப்பான வணிகப் பகுதியைத் தாக்கி, ஏறத்தாழ முப்பத்தைந்து தெருத் தொகுதிகளைத் தீக்கிரையாக்கியது. மாண்டவர் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்பர் வரலாற்றறிஞர். படித்த அமெரிக்கர் பலர் இக்கொடுமையை முதன்முதலில் அறிந்தது இந்தத் தொடரின் வாயிலாகத்தான். பள்ளிக்கூடம் நூறாண்டுக் காலம் சொல்லாததை ஒரு முகமூடிக் கதை சொல்லிற்று.

மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022இல் 'மூன் நைட்' தொடரில் யூதப் பாத்திரத்தை யூதரல்லாத ஆஸ்கர் ஐசக் ஏற்றதை யூதர்களில் சிலர் குறை கூறினர். அந்தக் குறையில் நியாயம் இருந்தது. நமக்கு வேண்டும் என்று கேட்கும் அளவுகோலைப் பிறருக்கும் நீட்டத்தானே வேண்டும்? அதே தொடரில் எகிப்திய இயக்குநர் முகம்மது தியாப், எகிப்தியப் பாத்திரத்தை எகிப்து வழிவந்த மே கலமாவி என்ற நடிகைக்கே அளித்தார். இசையமைத்தவரும் எகிப்தியரே. மஞ்சள் புழுதியும் ஒட்டகமும் குறிசொல்லிகளுமாகவே ஹாலிவுட் காட்டிவந்த கெய்ரோ, போக்குவரத்து நெரிசலும் விளக்கொளியுமாய் மனிதர் வாழும் மாநகரமாக அதில் காட்சியளித்தது. ஜாக் ஷாஹீன் என்ற பேராசிரியர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, அரபு மக்களை அவை எவ்வளவு இழிவாகக் காட்டின என்று 2001இல் நூல் எழுதினார். அந்நூலைப் படித்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

2022ஆம் ஆண்டு கோடையில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பேத்திக்கு அப்போது பத்து வயது. ஒருநாள் பேச்சுவாக்கில், "நன்னா, நான் சூப்பர்கேர்ளா இருக்க முடியாதாம்" என்றாள். மூன்றாண்டுகளுக்கு முன் அவள் படித்த பள்ளியில் வேடமணியும் நாளொன்று வந்ததாம். நீலச் சட்டையும் சிவப்புப் போர்வையுமாய்ப் போனவளிடம் உடன் படித்த பிள்ளையொன்று, "உன் நிறத்தில் சூப்பர்கேர்ள் கிடையாது" என்று சொல்லிவிட்டதாம். ஆசிரியை அருகிலேயே இருந்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். பேத்தி போர்வையை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டாள். உம்மாவிடம் சொல்லவில்லை. ஏழு வயதில் பட்டதைப் பத்து வயதில் என்னிடம் சொன்னாள், ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல. அழுதிருந்தாலாவது எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அந்த ஜூன் மாதத்தில்தான் 'மிஸ் மார்வெல்' தொடர் வந்தது. ஆறு பகுதிகள். நாயகி கமலா கான், ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வழி முஸ்லிம் சிறுமி. சித்திரக்கதையில் 2013இல் அறிமுகமாகி, 2014இல் தனி ஏடு கண்டவள். அவளை உருவாக்கியவர்களுள் பதிப்பாசிரியர் சனா அமானத்தும், இஸ்லாத்தைத் தழுவிய எழுத்தாளர் வில்லோ வில்சனும் முக்கியமானவர்கள். 2015இல் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் முஸ்லிம்களை இழித்துரைக்கும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டபோது, யாரோ சிலர் அவற்றின்மீது கமலாவின் படத்தை ஒட்டி மூடிவிட்டார்கள். காகிதத்தில் பிறந்த பெண் தெருவில் இறங்கி வேலை செய்தாள்!

அந்தச் சித்திரக்கதையில் ஓர் இடம் என் மனத்தைவிட்டு அகலாதது. கமலாவுக்கு முதன்முதலாக ஆற்றல் வாய்க்கிறது. நினைத்த உருவை எடுக்கலாம். அவள் எடுக்கும் உருவம் எது? பொன்னிறக் கூந்தலுடைய வெள்ளைப் பெண். தான் போற்றிய வீராங்கனை அப்படித்தானே இருந்தாள்! அந்த உடம்பு தனக்குப் பொருந்தாமல் உறுத்துவதைப் பிறகுதான் உணர்கிறாள். என் பேத்தி பைக்குள் திணித்த போர்வையின் கதையை என்றோ ஒருவர் எழுதி வைத்துவிட்டார் என்று தோன்றியது.

வேடத்திற்கு வந்த இமான் வெல்லானி கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்த இளம்பெண், அதற்குமுன் நடித்தவரல்லர். நடிகை தேவை என்ற அறிவிப்பை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அனுப்பிவைக்க, அதன் வழியே வந்தவர். தாயாக நடித்த ஜெனோபியா ஷிராஃப் மும்பைப் பார்சி; தந்தையாக நடித்த மோகன் கபூர் இந்தியர். "பாகிஸ்தானியர் வேடத்தை இவர்களுக்கு ஏன் கொடுத்தார்கள்?" எனச் சிலர் கேட்டனர். எனக்கு அதில் குறை தோன்றவில்லை. பிறராக மாறுவதுதானே நடிப்பு? கதவு இருபக்கமும் திறந்திருந்தால் யாரும் எந்த வேடமும் ஏற்கலாம். ஒரு பக்கமே திறக்கும் கதவைப் பற்றித்தான் வழக்கு.

தொடரைப் பேத்தியோடு அமர்ந்து பார்த்தேன். பள்ளிவாசல் வாயிலில் கமலாவின் தோழியின் செருப்புக் காணாமற்போகும் காட்சியில் வீடே சிரித்தது. அதற்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. மகளோடு விழாவுக்குப் போகும் ஆசையில் அந்தத் தந்தை உடம்பெல்லாம் பச்சை பூசிக்கொண்டு வந்து நிற்க, மகள் வெட்கப்படும் இடத்தில் பேத்தி தன் அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அரசு அலுவலர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்து சோதனையிடும் காட்சியில் மட்டும் பெரியவர்கள் மௌனமானோம். நியூயார்க் காவல்துறை அப்பகுதிப் பள்ளிவாசல்களையும் கடைகளையும் மாணவர்களையும் வேவு பார்த்துவந்த செய்தி 2011இல் வெளியானது. அம்மாநில முஸ்லிம்களுக்கு அது கதையன்று. 'ஜின்' என்ற சொல்லைத் தொடரில் கையாண்டிருந்த விதம் எனக்கு உவக்கவில்லை. அதை மருமகனிடம் சொன்னேன், அவரும் ஒப்பினார்.

இதற்கிடையே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பக்கச் சார்புடையவனாவேன். ஹஜ்ரத் பிலால் அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் நம் குடும்பங்களில், பெண் பார்க்கும் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி என்ன? "பொண்ணு நிறமா இருக்குமா?" திருமண விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள்: 'நல்ல நிறமுடைய மணமகள் தேவை.' அமெரிக்கத் தயாரிப்பாளர் நடிகையைத் தேர்வதற்கும் நாம் மருமகளைத் தேர்வதற்கும் அளவுகோல் வெகுதூரம் விலகியிருக்கவில்லை. அந்தப் பள்ளிச் சிறுமி சொன்னதைக் கேட்டுக் கொதித்த என் மனைவியே, அடுத்த வாரம் தொலைபேசியில் தன் தங்கை மகனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி விசாரிக்கும்போது, "நிறம் கொஞ்சம் கம்மியாமே" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, "என்ன பார்க்கிறீங்க?" என்றாள்.

தொடரின் பிற்பகுதி கராச்சிக்குச் செல்கிறது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில், நெரிசல் மிகுந்த புகைவண்டி நிலையத்தில் தந்தையைத் தவறவிட்ட குழந்தைதான் கமலாவின் பாட்டி. ஷர்மீன் ஒபைத் சினாய் என்ற பாகிஸ்தானிய இயக்குநர் அதை எடுத்திருக்கிறார். அமெரிக்க அதிவீரர் கதையொன்றில் நம் துணைக்கண்டத்துத் துயரம் இவ்வளவு நெருக்கமாக வந்து நான் கண்டதில்லை. படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்:

"நன்னா, நம்ம குடும்பமும் அந்த ரயில்ல வந்துச்சா?"

"இல்லம்மா. நம்ம ஊரு அப்பவும் இங்கதான், இப்பவும் இங்கதான்" என்றேன்.

"அவங்க உருது பேசறாங்க. நம்ம வீட்ல யாரும் பேசலையே. அப்ப அது நம்ம கதை இல்லையா?"

முஸ்லிம் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை மொழி, எத்தனை கரை என்பதைப் பத்து வயதுப் பிள்ளை அரைநொடியில் கண்டுகொண்டது. தமிழ் முஸ்லிம்களாகிய நம் நினைவு புகைவண்டியில் இல்லை. கப்பலிலும் காட்டுப் பாதையிலும் இருக்கிறது. என் பாட்டனார் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, பல இலட்சம் இந்தியரோடு அவரும் மலையும் காடும் கடந்து நடந்து வந்தார். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் கணக்கிலடங்கார். கடைச்சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தார் என்பார்கள். அந்தச் சாவி இன்னும் எங்கள் பழைய வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

இதைச் சொன்னபோது பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். எத்தனை நாள் நடந்தார், என்ன தின்றார், புலி வந்ததா, சாவி என்ன நிறம் என்று கேள்விமேல் கேள்வி. பாதிக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஊரில் என் தமக்கை எண்பத்தொரு வயதில் நல்ல நினைவோடு இருந்தார். மறுநாள் காலை அவரைத் தொலைபேசியில் அழைத்து, பேத்தியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன்.